யாழ்ப்பாணத்துக் கிணறும் குப்பையும்

‘குப்பை’ என்ற சொல்லின் பழம்பொருள் குவியல் என்பதே. களத்திலே குவித்து வைத்த நெல்லையும், உமணர் விலைகூறி விற்ற உப்பின் குவியலையும் சங்கப் புலவர் கூச்சமின்றிக் குப்பை என்றனர். வீட்டுப்புறத்தே கோழி கிளறுகின்ற குப்பைமேடும் அவர்கள் கண்ணிற் படாமல் இல்லை. பின்னாளில் இச்சொல் தொழுவத்திலும் முற்றத்திலும் கூட்டிச் சேர்த்த எருவுக்குரியதாயிற்று. தமிழ்க் கிராமங்களிலே ‘வயலுக்குக் குப்பை அடித்தல்’ என்றால் எருவைக் கொண்டுபோய்ச் சேர்த்தல் என்பது பொருள். ஆக, மிக நீண்ட காலமாக இது சேர்த்து வைக்கப்படும் பொருளின் பெயராகவும் இருந்து வந்தது. வெறுத்து எறியப்படும் பொருள் என்ற கருத்து மட்டும் எஞ்சி நிற்பது நம்முடைய காலத்திலேதான். ஒரு சொல் இவ்வாறு சுருங்கும்போது அதன் பின்னால் சமூக மாற்றமொன்று நிகழ்ந்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதன் விளைவு நிலத்துக்குக் கீழே எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே ஈண்டு நோக்க விரும்புகிறேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியிற் பெருகிக் கோடையில் மறைந்துவிடும் வழுக்கை ஆற்றை ஆறு என்பது ஊர்ப்பற்றினால் வந்த உபசார வழக்கு. எனினும், தண்ணீரைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி கூறினால் எமது மாணவர் எழுதுவது மலையில் உற்பத்தியாகிச் சமவெளியிற் பாய்ந்து கடலைச் சேரும் நதியைத்தான். பாடநூல் கற்பித்த நதி அது. அவர்கள் காலையில் முகங்கழுவி வந்த கிணற்றை எவரும் எழுதுவதில்லை.

அந்தக் கிணற்றின் கதையோ விந்தையானது. செம்மண்ணுக்கும் மணலுக்கும் கீழே குடாநாடு முழுவதும் பரந்து கிடப்பது சுண்ணக்கல். அது வெடிப்பும் துளையும் குகையும் நிறைந்த கல். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை இந்த வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்குகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் கல்லுக்குள்ளே ஆழத்தில் உப்புநீர் இருக்கிறது. பாரங்குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடியை உப்புநீர் வந்து பிடித்துக்கொள்ளும். இத்தனை இலட்சம் மக்களின் தாகம் இந்த மெல்லிய வில்லையை நம்பியே இருந்து வந்திருக்கிறது.

புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று ஊரார் சொல்வர். யாரும் அவ்வாறு போட்டு எடுத்ததாக நான் அறியேன். ஆனால் அக்கதையை வெறுங்கட்டுக்கதை என்று தள்ளிவிடுதல் சரியன்று. கல்லுக்குள்ளே நீர் ஓடுகிறது, ஒரு கிணறு இன்னொரு கிணற்றோடு பேசுகிறது என்ற உண்மையைப் புவியியல் நூல் எதையும் காணாத உழவர், தாம் கண்ட நீரேற்ற இறக்கங்களிலிருந்து ஊகித்து அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. இந்த ஊகத்தை அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பது வேறு வினா.

யாழ்ப்பாணத்தான் வேலிக்குப் பேர்போனவன். ஒரு சாண் நிலம் வேலியோடு நகர்ந்துவிட்டது என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியவர் எத்தனை பேர்! காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் பின்னக் கணக்கில் எழுதப்பட்டன. ஆனால் எந்த நொத்தாரிசும் வேலிக்குக் கீழே முப்பது அடியில் ஓடுகின்ற நீரைப் பங்கிட்டு எழுதியதில்லை, எழுதவும் முடியாது. நிலம் தனியுடைமையாகவும் நீர் பொதுவுடைமையாகவும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இந்த முரண்பாடே நமது கதையின் அச்சாணி.

இனிப் பழைய வளவுக்கு வருவோம். துலா மிதித்து நீரிறைத்த காலத்திலே தோட்டச் செய்கைக்கு எரு இன்றியமையாதது. புகையிலையும் மரக்கறியும் விளைந்த செம்பாட்டு நிலம் தானாக எதையும் தந்துவிடவில்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, வாதராணி முதலியவற்றின் குழைகளை வெட்டித் தோட்டத்திலே தாழ்த்தினர். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கழற்றிய பழைய பனையோலையும் நிலத்துக்கே போயிற்று. ஆட்டையும் மாட்டையும் தோட்டத்திற் பட்டியடைத்தனர். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் பூச்சி விரட்டவும் உதவிற்று. பனங்கொட்டை முளைத்துக் கிழங்கானபின் எஞ்சிய ஊமல் அடுப்பெரித்தது. மாரி தொடங்குமுன் குளத்தைத் தூர்வாரி அந்த வண்டலையும் வயலுக்கு ஏற்றினர். கிணற்றடியில் விழும் நீர் வாழைக்கும் கமுகுக்கும் தேசிக்கும் வாய்க்காலாக ஓடிற்று. முற்றத்தைக் கூட்டிய குப்பை வளவின் ஒரு மூலையிற் கிடங்கு நிரம்பும்வரை கிடந்து, மக்கி, மீண்டும் மண்ணாயிற்று. வீட்டிலிருந்து வெளியேறும் பொருள் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவுமே இருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு விட்டு, “அந்தப் பொற்காலம் போயிற்றே” என்று கண் கலங்குவோர் நம்மிடையே பலர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வளவின் ஒழுங்கு யாருடைய உழைப்பின்மேல் நின்றது? குழை வெட்டிச் சுமந்தவர் யார்? துலாவில் ஏறி மிதித்தவர் யார்? தோட்டமும் கிணறும் ஒருவருக்கு, அவற்றின் வேலை வேறொருவருக்கு என்ற நிலவுடைமை முறையிலேதான் அந்தக் குப்பை எருவாயிற்று. இன்னும் கொடுமையான உண்மை ஒன்றுண்டு. தண்ணீரை மாசிலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சமுதாயம், உண்மையில் காத்தது தண்ணீரை அன்று.

ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியாரின் கிணற்றில் அள்ளக்கூடாது. வாளியையோ கயிற்றையோ தொடக்கூடாது. நன்னீர்க் கிணற்றின் அருகே குடத்தோடு காத்து நின்று, யாரேனும் இரங்கி ஊற்றினால் ஏந்திக்கொண்டு போகவேண்டும். இந்தக் கொடுமையைக் கே. டானியல் தமது ‘தண்ணீர்’ என்னும் நாவலுக்குப் பொருளாக்கினார். ஒரு மனிதனின் கை பட்டால் கிணறு தீட்டுப்படும் என்று நம்பியவர், அதே கிணற்றுக்கு அண்மையில் மாட்டுத் தொழுவம் இருப்பதைத் தீட்டாக எண்ணவில்லை. தீட்டு என்னும் கருத்துக்கும் மாசு என்னும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவல்ல உதாரணம் வேறில்லை.

ஆயினும் அச்சமுதாயத்துக்கு மாசு என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. நன்றாகத் தெரிந்திருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் தலை நிமிர முயன்றபோது, அவர்களுடைய கிணறுகளிலே செத்த நாயையும் மலத்தையும் குப்பையையும் கொண்டுபோய் எறிந்தனர். யாழ்ப்பாணச் சமூகத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் இதைப் பதிவு செய்துள்ளனர். குடிசை எரிப்போடு கிணறு கெடுப்பும் ஓர் அடக்குமுறை ஆயுதமாயிற்று. குப்பை கிணற்றைக் கொல்லும் என்று அறிந்திருந்தமையாலன்றோ அதை ஆயுதமாக எடுத்தார்கள்? அறியாமையால் நிகழ்ந்த தவறு வேறு. அறிவை ஆயுதமாக்கிய குற்றம் வேறு.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது, கிணற்றடியில் இருக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன் பின்னர் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே அந்த ஏட்டுக்கு உயிர் கொடுத்தன. குடாநாட்டில் நீரின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அணையையும் வாய்க்காலையும் மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே.

நகரத்திலே இதற்கு இன்னொரு முகம் இருந்தது. வாளி மலசலகூடங்கள் இருந்த காலம் அது. ஒவ்வொரு விடியலிலும் அவ்வாளிகளை எடுத்துச் சென்று கொட்டிக் கழுவி வைத்தவர் நகரசுத்தித் தொழிலாளர். அவர்களிற் பலர் குடியேற்ற ஆட்சிக்காலத்திலே இவ்வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவரின் வழிவந்தோர். நகரம் தூய்மையாய் இருந்ததற்குக் காரணமானவரை நகரம் தூய்மையற்றவர் என்றது. தன் வீட்டுக் கழிவைத் தான் காணாமலே வாழப் பழகிய ஒரு வர்க்கத்துக்கு, அது எங்கே போகிறது என்ற கேள்வி தோன்றாமற் போனது வியப்பன்று. இந்தக் கேளாமை ஒரு நோயாக இன்றுவரை தொடர்கிறது.

கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியை விடாப்பிடியாகக் கேட்ட ஒருவரின் கதையை இங்கே சொல்லவேண்டும். அது இலண்டனில் நிகழ்ந்தது. அங்கேயும் கிணறு இருந்தது; கிணற்றருகே குழி இருந்தது. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியிலே சோஹோ பகுதியின் புரோட் வீதியில் வாந்திபேதி பாய்ந்து பரவிற்று. சில கிழமைகளுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கால வைத்தியருட் பெரும்பாலோர், கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பினர். யோன் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் வீடு வீடாகச் சென்று, யார் எந்த நீரைக் குடித்தார் என்று கேட்டார். அவருடைய விரல் வீதியோரத்துக் குழாய்க் கிணற்றைச் சுட்டியது. செப்ரெம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பலரும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவர். எமக்கு வேண்டியது அதன் மீதிப் பாதி. ஸ்நோவின் கருத்தை முதலில் நம்பாதிருந்த ஹென்றி வைற்ஹெட் என்ற இளம் மதகுரு, அதைப் பொய்யென நிறுவும் நோக்கத்தோடு தாமும் விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க அவரே அதற்குச் சாட்சியானார். கிணற்றுக்கு எதிரேயிருந்த 40ஆம் இலக்க வீட்டிலே கைக்குழந்தை ஒன்று பேதியால் இறந்திருந்தது. அதன் அணையாடைகளைக் கழுவிய நீரைத் தாய் வீட்டு முன்புறத்துக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தாள். தோண்டிப் பார்த்தபோது அக்குழியின் செங்கற்சுவர் உக்கிப் போயிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடிகூட இல்லை. தன் பிள்ளையை இழந்த தாய் எந்தக் குற்றமும் செய்யவில்லை. எல்லா வீட்டாரும் செய்வதையே செய்தாள். ஒரு வீட்டின் வாளித் தண்ணீர் ஒரு பேட்டையின் சாவாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்குத் தொலைவானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாந்திபேதி யாழ்ப்பாணத்தையும் பலமுறை தாக்கிற்று. அந்நோய்க்கு ஊரார் இட்ட பெயர் கோதாரி. நோய் போய்விட்டது, பெயர் வசவாக எஞ்சி நிற்கிறது. ‘கோதாரி விழுந்தது’ என்று கிழவிமார் திட்டும்போது அவர்கள் வாயில் ஒரு நூற்றாண்டின் மரண பயம் ஒலிக்கிறது என்பதை நாம் உணர்வதில்லை. அக்காலத்தே மானிப்பாயில் மருத்துவம் புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து 1873வரை இங்கே பணிபுரிந்தவர். மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்திய அவர் வெளியிட்ட நூல்களுள் ஒன்று ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. உற்பாலனம் என்று அவர் குறித்தது நாம் இன்று சுகாதாரம் என்கின்ற கலையை. புரோட் வீதிக் கிணறு மூடப்பட்டு மூன்றாண்டுகளில், அதாவது 1857இல், சுகாதார நூல் ஒன்றைத் தமிழில் அச்சேற்றிய நாடு நமது. எனினும் ஏட்டறிவு கிணற்றடிக்கு இறங்கி வரவில்லை. படித்தவர் உத்தியோகத்துக்குப் போனார்கள்.

பழைய வளவின் சுற்றோட்டம் அறுந்தது 1950களிலும் 1960களிலும். அக்காலத்திலே துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. 1962இல் அரசாங்கம் உரமானியத்தைத் தொடங்கிற்று. பையில் வந்த வெள்ளை உரம் குழையையும் பட்டியையும் தேவையற்றனவாக்கிற்று. 1970 தொடக்கம் 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விலைபோயின; தோட்டக்காரர் நிமிர்ந்தனர். அதைக் குறைகூற நான் வரவில்லை. முதுகு முறியத் துலா மிதித்த உழைப்பாளிக்கு இயந்திரம் விடுதலையே. ஆனால் அளவுக்கு மேல் இட்ட உரத்தைப் பயிர் முழுவதும் உண்பதில்லை. எஞ்சியது நைத்திரேற்றாகி, இறைத்த நீரோடு கல்வெடிப்பில் இறங்கி, இறைத்த கிணற்றுக்கே மீண்டது. எருவாகும் வாய்ப்பை இழந்த முற்றத்துக் குப்பை அன்றிலிருந்து வெறுங்குப்பை.

அதே காலத்திலே வாளி மலசலகூடம் படிப்படியாக மறைந்து மலக்குழி வந்தது. மனிதன் மனிதனின் மலத்தைச் சுமக்கும் இழிவு ஒழிந்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் அடியில் சீமெந்து இடாத குழி மலத்தை ஒழிப்பதில்லை. நம் கண்ணிலிருந்து மறைத்துக் கல்லுக்குள் அனுப்புகிறது. இங்கே சீதன முறையின் பங்கையும் சொல்லவேண்டும். பத்துப் பரப்புக் காணி மூன்று பெண்களுக்குப் பிரிந்து, அவர்களின் பெண்களுக்கு மீண்டும் பிரிந்து, ஒன்றரைப் பரப்பாயிற்று. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லுக்கு அதுவே போதாது. தன் குழியைத் தன் கிணற்றிலிருந்து விலக்க எண்ணியவன் வேலியோரத்துக்குக் கொண்டுபோனான். வேலிக்கு அப்பால் அயலவனின் கிணறு இருந்தது. தனக்குத் தூரம் என்பது மற்றவனுக்கு அண்மை என்ற கணக்கை யாரும் போடவில்லை.

1980களில் வெளியான ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். சிறு குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். மலக்கிருமியின் கதை அதனினும் பழையது. நெருப்புக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்காத விருந்தாளியாய் இருந்தமைக்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

யுத்தகாலத்தில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடையினால் யூரியா வரவில்லை, சவர்க்காரமும் அரிதாயிற்று. மக்கள் பனங்களியாலே துணி தோய்த்தனர்; குழையையும் எருவையும் மீண்டும் தேடினர். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே பொலித்தீன் பை ஒன்றைக்கூடக் கழுவிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். பசியும் குண்டும் தந்த அந்தச் சிக்கனத்தை யாரும் போற்ற வேண்டியதில்லை. குப்பை குறைந்திருந்ததற்குக் காரணம் அறிவன்று, இல்லாமை. ஆகவே 2009இன் பின் பாதை திறந்து சரக்கு வெள்ளமாய்ப் புகுந்தபோது, அதன் பொதியுறைகளை என்ன செய்வது என்று சிந்திக்கும் பழக்கமோ நிறுவனமோ எம்மிடம் இருக்கவில்லை.

இன்றைய வளவின் குப்பை பழைய கிடங்குக்கு அடங்குவதன்று. மா, பலா இலையோடு பால்மாப் பையும், பிளாஸ்ரிக் போத்தலும், மின்கலமும், இயந்திரத்தினின்று வடித்த கரிய எண்ணெயும், காலாவதியான மாத்திரையும் சேர்ந்து கிடக்கின்றன. இலையை எருவாக்கிய அதே கிடங்கு மின்கலத்தை நஞ்சாக்குகிறது. மாலையிலே நெருப்பு வைத்தால் போயிற்று என்று நினைக்கிறோம். சாம்பல் மழையோடு எங்கே இறங்கும்? வீதிக்கரை வெள்ள வாய்க்காலிலே எறிந்ததும் அவ்வாறே. அடைபட்ட மதகால் ஐப்பசியில் ஒழுங்கை மூழ்கும். அந்த வெள்ளம் மலக்குழிகளையும் கிணறுகளையும் ஒன்றாக்கும். மிகுதி குளத்துக்கும் கடனீரேரிக்கும் போகும். ஒருமுறை அணிவித்து எறியும் குழந்தை அணையாடைகளைப் பொதியாகக் கட்டிக் குளக்கரையிலும் மதகிலும் வீசும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்குப் புரோட் வீதியின் நினைவு வருகிறது. அந்தத் தாய்க்குக் குழியிருந்த இடத்தின் ஆபத்துத் தெரியாது. காரோட்டிச் சென்று கண்ணாடியைத் தாழ்த்தி வீசுபவருக்குத் தெரியும்.

எண்ணெய் கல்லுக்குள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் புத்தகத்தில் படிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய்ப் படலம் மிதந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாட்டையே உலுக்கிற்று. மின்னுற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானது. பெரிய நிறுவனத்தைச் சுட்டிய விரல் சரியான விரலே. வீட்டாரின் சிறு தவறுகளைக் காட்டி முதலாளியின் பெருங்குற்றத்தை மறைக்கும் தந்திரத்துக்கு நாம் இடங்கொடுக்கலாகாது. எனினும் ஒவ்வொரு வளவிலும் நீரிறைக்கும் இயந்திரத்தின் பழைய எண்ணெயை வேலிக்கரையில் ஊற்றும் கைகள், அதே கல்லின்மேலேதான் ஊற்றுகின்றன.

மாநகர சபை அள்ளிச் செல்லும் குப்பையோ கல்லுண்டாய் வெளியிலே, கடனீரேரியின் ஓரத்தில், மலைபோற் குவிந்தது. அங்கே அடிக்கடி தீ மூண்டது. மாரியில் கரிய நீர் கசிந்தது. அவ்விடத்துக்கு அயலிலே குடியமர்ந்தவர் யாரென்று பாருங்கள்: காணியற்றோர், இடம்பெயர்ந்தோர், வேறிடம் வாங்க வழியற்றோர். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்திலே, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தபோதும் மாண்டவர் மாளிகைவாசிகள் அல்லர். உள்ளவன் உற்பத்தி செய்த குப்பை இல்லாதவனின் முற்றத்திலேயே போய்ச் சேர்கிறது. முன்பு நாயையும் மலத்தையும் கொண்டுபோய்க் கிணற்றில் எறிந்தார்கள். இப்போது வண்டியிலே, பற்றுச்சீட்டோடு, முறையாகக் கொண்டுபோகிறார்கள்.

நீர் கெட்டபின் அதை விலைக்கு வாங்கலாம் என்று ஆறுதல் கொள்வோர் உளர். 2024 ஓகஸ்ட் மாதத்திலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது வேண்டியதுதான்; கிணறு கெட்டவருக்கு அது உயிர். ஆனால் வானம் இலவசமாகத் தந்து, கல் இலவசமாகச் சேமித்த நீரைப் பாழாக்கிவிட்டு, கடல்நீரை மின்சாரம் செலவிட்டு வடித்துக் குழாய்வழி கொண்டுவருவது செலவுமிக்க கழுவாய் அல்லவா? அந்தச் செலவைப் போத்தல் தண்ணீர் வாங்கும் வீடு உணராது. நாட்கூலிக்காரரின் வீடு உணரும்.

செய்யவேண்டியவை பெரிய விஞ்ஞான இரகசியங்கள் அல்ல. இலையும் சருகும் மரக்கறித் தோலும் கிணற்றுக்கு மிகத் தூரமான மூலையிலே, வெள்ளம் ஏறாத மேட்டிலே, மண் மூடி மக்கவிடப்படவேண்டும். அவற்றுள் கண்ணாடியோ மின்கலமோ பிளாஸ்ரிக்கோ கலக்கலாகாது. ஆட்டுப்புழுக்கையும் கோழிக்கழிவும் வெறுந்தரையில் மழைக்குக் கிடக்க விடுவதிலும், அதே கிடங்கில் சேர்வதே நன்று. புதிதாகக் கட்டும் மலக்குழிக்கு அடியும் சுவரும் சீமெந்தால் அடைக்கப்படவேண்டும். அதற்கு இயலாதவருக்குப் பிரதேச சபை உதவவேண்டும். ஏனெனில் அவரது குழியிற் கசிவது அவர் கிணற்றோடு நிற்பதில்லை. எண்ணெயையும் மின்கலத்தையும் தனியே வாங்கிக்கொள்ளும் நிலையம் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும். இடங்காட்டாமல் வீட்டாரைக் குறை சொல்வது வீண்பேச்சு. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டது; கடைக்காரரையும் உற்பத்தியாளரையும் கேளாத தடை அறிவிப்புப் பலகையாகவே நிற்கும் என்பதை அதன் பின்னர் கண்டோம்.

இவற்றிலே கிராமத்தாரால் உடனே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. புரட்டாதி மாதத்திலே, மழைக்கு முன்பு, ஒவ்வொரு ஊரின் வெள்ள வாய்க்காலையும் குளத்தையும் துப்புரவாக்கல். முன்னர் வண்டலுக்காகச் செய்தார்கள். இப்போது கிணற்றுக்காகச் செய்யவேண்டும். சனசமூக நிலையங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் வாணி விழாவுக்கும் திரட்டுகின்ற இளைஞர் கூட்டம் இதற்கும் போதும். அப்பணியில் ஒரு நிபந்தனையை நான் கட்டாயம் வைப்பேன். வாய்க்காலுள் இறங்குபவர் எப்போதும் இறங்கும் அதே குடும்பத்தார், கரையில் நின்று படம் எடுப்பவர் மற்றவர் என்று ஆகக்கூடாது. கையுறையும் சப்பாத்தும் எல்லாருக்கும் வேண்டும். மண்வெட்டியும் எல்லார் கையிலும் இருக்கவேண்டும். துப்புரவு வேலை முடிந்தபின் தேநீர் கொடுக்கும்போது யாருக்கு எந்தக் குவளை என்ற பழைய வழக்கம் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனித்துக்கொள்ளுங்கள். நான் அறிந்த சில ஊர்களில் அது முற்றாகச் செத்துவிடவில்லை.